சாடர் வீட்டுப் பிள்ளைகள்: ஒரு எலும்புகூட ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி இதுதான்: "1945 கிறிஸ்துமஸ் இரவில் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் சாடர் என்பவரின் வீடு எரிந்து ஐந்து பிள்ளைகள் காணாமல் போனார்களே, அவர்கள் தீயில் இறந்தார்களா, யாராவது கடத்திக்கொண்டு போனார்களா? ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை என்கிறார்களே, அது எப்படி?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அந்த வீட்டுக்குள்ளேயே இறந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தத் தீ தானாகப் பிடித்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. தீ வைக்கப்பட்டதா என்பது ஒரு கேள்வி, பிள்ளைகள் கடத்தப்பட்டார்களா என்பது வேறு கேள்வி. எழுபது எண்பது வருடமாக இந்த இரண்டையும் ஒன்றாகவே பேசிவருகிறார்கள். கடத்தலை நம்பாதவர்கள் மின்கசிவுதான் காரணம் என்று முடித்துவிடுகிறார்கள். தீ வைப்பை நம்புகிறவர்கள் கூடவே கடத்தலையும் நம்பிவிடுகிறார்கள்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மலையும் நிலக்கரிச் சுரங்கமுமாக இருக்கும் பகுதியில் ஃபேயட்வில் என்று ஒரு சிற்றூர். அதற்கு இரண்டு மைல் வடக்கே, மரத்தால் கட்டிய மாடி வீட்டில் ஜார்ஜ் சாடர் குடும்பம் இருந்தது. இத்தாலியின் சர்டினியா தீவில் பிறந்தவர். சொந்தப் பெயர் ஜோர்ஜியோ சொத்து. 1908-இல், 13 வயதில், அண்ணனோடு அமெரிக்காவுக்கு வந்தார். அண்ணன் உடனே ஊர் திரும்பிவிட்டார், இவர் மட்டும் தங்கிவிட்டார். ரயில் பாதை வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் சுமந்து, பிறகு டிரைவராகி, அப்புறம் சொந்தமாக லாரி வாங்கி நிலக்கரி ஏற்றும் அளவுக்கு வளர்ந்தவர். மனைவி ஜென்னியும் சிறு வயதிலேயே இத்தாலியிலிருந்து வந்தவர். பத்துப் பிள்ளைகள். ஜார்ஜ் மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிறவர். முக்கியமாக அப்போதைய இத்தாலிய சர்வாதிகாரி முசோலினியைக் கடுமையாகத் திட்டுவார். சுற்றிலும் இத்தாலியக் குடும்பங்கள் இருந்த இடத்தில் அது எல்லாருக்கும் பிடிக்கவில்லை.

அன்று இரவு ஒரு மகன் ராணுவத்தில் இருந்ததால் வீட்டில் ஒன்பது பிள்ளைகள். மூத்த பெண் மேரியன், தான் வேலை பார்த்த கடையிலிருந்து தங்கைகளுக்குப் பொம்மை வாங்கி வந்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் விளையாடுகிறோம் என்று சின்னவர்கள் கெஞ்ச, இரவு பத்து மணிக்கு அம்மா சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை: மாடுகளைக் கொட்டிலில் அடைத்து, கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுப் படுக்க வேண்டும். பிறகு இரண்டு வயது சில்வியாவைத் தூக்கிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

இந்தப் பத்து மணியை நினைவில் வையுங்கள். யார் காணாமல் போனாலும் முதலில் உறுதிசெய்ய வேண்டியது, கடைசியாகக் கண்ணால் பார்த்தது யார், எப்போது என்பதுதான். அந்த ஐந்து பேரை அம்மா பார்த்தது பத்து மணிக்கு. மொரீஸுக்கு 14 வயது, மார்த்தாவுக்கு 12, லூயிஸுக்கு 9, அம்மாவின் பெயரே கொண்ட ஜென்னிக்கு 8, பெட்டிக்கு 5.

நள்ளிரவு 12.30 மணி அளவில் போன் அடித்தது. அம்மா எழுந்து போய் எடுத்தார். யாரோ ஒரு பெண், தெரியாத ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டாள். பின்னால் சிரிப்புச் சத்தமும் கண்ணாடிக் கோப்பைகள் மோதும் சத்தமும் கேட்டன. தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தால், விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கின்றன, ஜன்னல் திரைகள் மூடப்படவில்லை. படுக்கப் போகும்போது பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற வேலைகள் அவை. மேரியன் சோபாவிலேயே தூங்கிவிட்டிருந்தாள். மற்றவர்கள் மாடிக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து, அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். ஒரு மணி வாக்கில் கூரையில் ஏதோ விழுந்து உருள்கிற சத்தம் கேட்டது. அரை மணி நேரத்தில் புகை நாற்றம். ஜார்ஜ் அலுவலகமாக வைத்திருந்த அறையில் தீ பிடித்திருந்தது. போன் கம்பியும் மின்சாரப் பெட்டியும் அந்தப் பக்கம்தான் இருந்தன.

அப்பா, அம்மா, மேரியன், சில்வியா, ஜான், அப்பாவின் பெயர் கொண்ட இளைய ஜார்ஜ் ஆகிய ஆறு பேர் வெளியே வந்துவிட்டார்கள். மாடிப்படி எரிந்துகொண்டிருந்தது. மாடிக்குப் போய்த் தம்பி தங்கைகளை எழுப்பியதாக ஜான் முதலில் சொன்னான். பிறகு, போகவில்லை, கீழிருந்து குரல்தான் கொடுத்தேன் என்று மாற்றிச் சொன்னான். எரிகிற வீட்டிலிருந்து ஓடிவந்த ஓர் இளைஞனை இதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் அந்த ஐந்து பேர் அன்றிரவு கட்டிலில் படுத்திருந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை என்று அதனால் ஆகிவிட்டது.

அதற்கு மேல் நடந்ததைப் படிக்கப் படிக்க வயிற்றைப் பிசையும். ஜார்ஜ் சுவரைப் பிடித்து ஏறி, ஜன்னல் கண்ணாடியை உடைத்ததில் கை கிழிந்தது. சுவரோரம் எப்போதும் சாய்த்து வைத்திருக்கும் ஏணியைக் காணோம். பீப்பாய்த் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. லாரியைச் சுவரோரம் நிறுத்தி மேலே ஏறலாம் என்றால், முந்தைய நாள் ஓடிய இரண்டு லாரிகளும் ஸ்டார்ட் ஆகவில்லை. மேரியன் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், அங்கே போன் இணைப்பகத்தில் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்த் தீயணைப்புத் தலைவரைக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த நிலையம் இருந்தது வெறும் இரண்டரை மைல் தூரத்தில். அவர்கள் வந்து சேர்ந்தபோது காலை எட்டு மணி. போருக்காக ஆட்கள் ராணுவத்துக்குப் போயிருந்தார்கள், இருந்த தலைவருக்குத் தீயணைப்பு வண்டி ஓட்டத் தெரியாது. வீடோ முக்கால் மணி நேரத்திலேயே அடித்தளத்துக்குள் இடிந்து விழுந்து முடிந்திருந்தது.

சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு, காலை பத்து மணிக்கே, எலும்பு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதாவது ஐந்து உயிர்களைத் தேடியது இரண்டு மணி நேரம்கூட இல்லை. மறுநாள் மரண விசாரணை நடந்தது. மின்கம்பிக் கோளாறு என்று முடிவானது. ஆண்டு முடிவதற்குள் இறப்புச் சான்றிதழும் வந்துவிட்டது.

இப்போது எலும்புக்கு வருகிறேன்.

ஜென்னிக்கு இது ஒத்துக்கொள்ளவே முடியாததாக இருந்தது. வீட்டுச் சாமான்கள் சாம்பலில் அடையாளம் தெரிகிற மாதிரி கிடக்கின்றன, பிள்ளைகள் மட்டும் எப்படி மிச்சமில்லாமல் போவார்கள்? அவர் தானே சோதித்துப் பார்த்தார். கோழி எலும்பு, மாட்டு எலும்பு, பன்றி எலும்பு என்று அடுப்பில் போட்டு எரித்தார். ஒவ்வொரு முறையும் கருகிய எலும்பு மிஞ்சியது. தகன மையத்தில் வேலை பார்த்த ஒருவரிடமும் விசாரித்தார். சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் எரித்தாலும் எலும்பு மிஞ்சும் என்றார் அவர். பிள்ளைகளை இழந்த ஒரு தாய் தன் சமையலறை அடுப்பில் எலும்பை எரித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விசாரணை அதிகாரி ஒருவர் செய்திருக்க வேண்டிய வேலை அது.

நம்மில் எலும்பு பொறுக்கப் போனவர்களுக்கு ஜென்னி சொல்வது உடனே புரியும். என் அப்பாவை விறகில் எரித்த மறுநாள் காலை நானும் சித்தப்பாவும் மயானத்துக்குப் போனோம். இரவு முழுக்க எரிந்த சிதை. எனக்குத் தெரிந்தது வெள்ளைச் சாம்பலும் கரிக்கட்டையும்தான். அங்கே வேலை பார்ப்பவர் ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துவிட்டு, குச்சியால் மெல்ல விலக்கிக்கொண்டே வந்தார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, விலா எலும்பு கிடக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். சுண்ணாம்புக்கட்டி உடைந்து கிடப்பது போல இருந்தது. அது கால், இது முழங்கை, இது நெஞ்சு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியில் போட்டார். அவர் இல்லாமல் நாங்கள் மட்டும் போயிருந்தால், இங்கே ஒன்றுமே இல்லை என்று திரும்பியிருப்போம்.

சாடர் வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். எலும்பு மிஞ்சும் என்பதில் ஜென்னி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மிஞ்சுகிற எலும்பு கண்டவர் கண்ணுக்கெல்லாம் தெரியாது. வெந்து நொறுங்கி, சாம்பல் நிறத்தில், சின்னச் சின்னத் துண்டாகக் கிடக்கும். சின்னப் பிள்ளைகளின் எலும்பு இன்னும் மெல்லியது. வீடு முக்கால் மணி நேரத்தில் விழுந்தது என்பதால் தீ முக்கால் மணி நேரத்தில் அணைந்துவிட்டது என்று ஆகாது. விழுந்த மரமெல்லாம் அடித்தளப் பள்ளத்துக்குள் குவிந்து, அணைக்க ஆள் இல்லாமல் விடிய விடியக் கனன்றிருக்கும். அப்படிப்பட்ட இடத்தைச் சல்லடை போட்டுச் சலித்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, நாள்கணக்கில் தேட வேண்டும். கிறிஸ்துமஸ் காலையில் கிடைத்த சிலர் இரண்டு மணி நேரம் கிளறியது எந்த மூலைக்கு?

அதோடு போகவில்லை. மாநிலத் தீ விசாரணை அலுவலகத்தார் வந்து பார்க்கும் வரை இடத்தைத் தொட வேண்டாம் என்று ஜார்ஜிடம் சொல்லியிருந்தார்கள். நான்கு நாள் பொறுத்தார். அந்தக் காட்சியைத் தினமும் பார்க்க முடியாமல், 29-ஆம் தேதி புல்டோசரால் ஐந்து அடி உயரத்துக்கு மண்ணைத் தள்ளி மூடினார். பிள்ளைகளின் நினைவாகத் தோட்டம் போட நினைத்தார். தகப்பனாக அவர் செய்தது எனக்குப் புரிகிறது. வழக்கைப் பொறுத்தவரை அதுதான் பெரிய அடி. நாலு நாளில் யாரும் வரவில்லையே என்ற கேள்வியை அவரைக் கேட்கக் கூடாது, அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும்.

1949 ஆகஸ்டில் வாஷிங்டனிலிருந்து ஒரு நோய்க்கூறு மருத்துவரை வரவழைத்து அந்த இடத்தைத் தோண்டினார்கள். சேதமான நாணயங்கள், பிள்ளைகளின் பாதி எரிந்த அகராதி, சில முதுகெலும்புத் துண்டுகள் கிடைத்தன. எலும்புகளை ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக, ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மார்ஷல் நியூமன் என்ற நிபுணர் எழுதிய அறிக்கை வழக்கை இன்னும் சிக்கலாக்கியது. அனுப்பியவை நான்கும் ஒரே ஆளின் இடுப்புப் பகுதி முதுகெலும்புகள். வயது 16, 17 இருக்கலாம், அதிகம் போனால் 22. காணாமல் போனவர்களில் மூத்தவனுக்கே 14 வயதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எலும்புகளில் தீ பட்ட அடையாளமே இல்லை. ஜார்ஜ் கொட்டிய மண்ணோடு அவை வந்திருக்கலாம் என்றார் நியூமன். இவ்வளவு குறைந்த நேரம் எரிந்த வீட்டில் பிள்ளைகளின் முழு எலும்புக்கூடுகளே கிடைத்திருக்க வேண்டும், வேறெதுவும் கிடைக்காதது மிகவும் விசித்திரம் என்றும் எழுதினார்.

நான் மேலே சொன்ன முடிவில் எனக்கே உறுதி தளர்கிற இடம் இதுதான். காகிதத்தால் ஆன அகராதி பாதி மிஞ்சியிருக்கிறது. அது கண்ணில் பட்டவர்களுக்கு எலும்பு படவில்லை. மண்ணைப் புல்டோசரால் தள்ளியதில் சாம்பல் இடம் மாறியிருக்கும், நொறுங்கியதும் இன்னும் நொறுங்கியிருக்கும் என்பதுதான் என்னால் சொல்ல முடிகிற பதில். அது முழுப் பதில் இல்லை.

சரி, கடத்தல் என்பதை ஏன் நம்பவில்லை? ஐந்து பிள்ளைகளை, அதில் ஒருவன் மாட்டைப் பிடித்துக் கட்டுகிற 14 வயதுப் பையன், சோபாவில் அக்கா தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து சத்தமில்லாமல் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒருவர்கூட வீட்டுக்கு வராமலும் பேசாமலும் இருக்க வேண்டும். மார்த்தாவுக்கும் மொரீஸுக்கும் வீட்டு முகவரி மறந்திருக்காது. பார்த்தேன் என்று சொன்னவர்கள் பலர் உண்டு. எரியும்போதே கடந்துபோன காரில் பிள்ளைகளைப் பார்த்தேன் என்றார் ஒரு பெண். மறுநாள் காலை சாப்பாடு பரிமாறினேன், காரில் ஃபுளோரிடா எண் பலகை இருந்தது என்றார் வழியில் கடை வைத்திருந்த இன்னொருவர். சார்ல்ஸ்டன் நகர விடுதியில் நான்கு பேரைப் பார்த்ததாக ஒரு பெண் சொன்னார். இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. பத்திரிகையில் படம் வந்த பிறகு, எங்கோ பார்த்த குழந்தை முகம் அந்தப் படத்தோடு ஒட்டிக்கொள்வது எல்லாருக்கும் நடக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட சாட்சிகளை அன்றே, சூட்டோடு சூடாக விசாரித்து எழுதி வைக்க வேண்டும்.

தீ வைப்பு விஷயம் அப்படி இல்லை. அங்கே கையில் பிடிக்கிற மாதிரி ஆதாரம் இருக்கிறது. அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு காப்பீட்டு முகவர் வந்து, ஜார்ஜ் பாலிசி எடுக்க மறுத்ததும், உன் வீடு புகையாகப் போகும், பிள்ளைகள் அழிவார்கள், முசோலினியைப் பற்றிப் பேசியதற்கெல்லாம் பதில் கிடைக்கும் என்று மிரட்டிவிட்டுப் போனார். மரண விசாரணை நடத்திய ஜூரியில் அதே ஆள் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பிறகு குடும்பம் அமர்த்திய தனியார் துப்பறிவாளர் கண்டுபிடித்தார். தீ பிடிப்பதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் மின்சார நிறுவனம் வயரிங் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தது. தீ பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் விளக்குகள் எரிந்தன என்கிறார்கள். காணாமல் போன ஏணி 75 அடி தள்ளி ஒரு சரிவின் அடியில் கிடந்தது. போன் கம்பி எரிந்து அறுபடவில்லை, வெட்டப்பட்டிருக்கிறது என்றார் பழுதுபார்க்க வந்தவர். இத்தனைக்குப் பிறகும் மின்கசிவு என்ற வார்த்தை மாறவே இல்லை.

உள்ளூர்க்காரர்கள் உண்மையை மறைத்தார்களா? கூட்டுச் சதி என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு சம்பவத்தைச் சொன்னால் அவர்களின் மனநிலை தெரியும். இடிபாட்டில் ஓர் இதயம் கிடைத்தது, அதைப் பெட்டியில் வைத்துப் புதைத்தேன் என்று தீயணைப்புத் தலைவர் யாரிடமோ சொன்னதாகச் செய்தி வந்தது. துப்பறிவாளரும் ஜார்ஜும் அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைத் தோண்டி எடுத்து, இறுதிச் சடங்கு நடத்துபவரிடம் காட்டினார்கள். அது மாட்டுக் கல்லீரல். தீயே படாத பச்சைக் கல்லீரல். எதையாவது காட்டினால் குடும்பம் தேடுவதை நிறுத்திவிடும் என்று அவர் நினைத்ததாகப் பேசிக்கொண்டார்கள். ஆறுதல் என்று நினைத்துச் செய்திருந்தாலும் அதை மன்னிக்க என்னால் முடியவில்லை. ஒரு முறை அப்படி ஏமாற்றப்பட்ட பெற்றோர், அதற்குப் பிறகு உண்மையான எலும்பையே கொண்டுவந்து கொடுத்தாலும் நம்புவார்களா?

அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு எழுதினார்கள். இது உள்ளூர் விவகாரம், எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று அதன் தலைவர் எட்கர் ஹூவரிடமிருந்து பதில் வந்தது. உள்ளூர் அதிகாரிகள் கேட்டால் உதவுகிறோம் என்றும் சொன்னார்கள். உள்ளூர் அதிகாரிகள் கேட்கவில்லை. பிறகு மாநில அரசும் இனி நம்பிக்கை இல்லை என்று கோப்பை மூடிவிட்டது.

அதற்குப் பிறகு தேடியது குடும்பம் மட்டும்தான். 1950-களின் தொடக்கத்தில் 16-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம் ஐந்து பிள்ளைகளின் படத்தோடு பெரிய பலகை வைத்தார்கள். வெகுமதி 5,000 டாலர், பிறகு 10,000. எங்கிருந்து கடிதம் வந்தாலும் ஜார்ஜ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பத்திரிகையில் வந்த ஒரு நியூயார்க் பள்ளிப் படத்தில் இருந்த சிறுமி பெட்டி போல இருக்கிறாள் என்று அங்கேயே போனார். அந்தப் பிள்ளையைப் பார்க்க அவளுடைய பெற்றோர் விடவில்லை.

1960-களின் கடைசியில் கென்டக்கியில் அஞ்சல் முத்திரை குத்திய உறை ஒன்று ஜென்னி பெயருக்கு வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. உள்ளே ஓர் இளைஞனின் படம். பின்பக்கம் லூயிஸ் சாடர் என்ற பெயரும், ஃபிராங்கி என்ற சகோதரனைப் பற்றி ஒரு வரியும், புரியாத சில எழுத்துகளும் எண்களும். லூயிஸ் உயிரோடு இருந்தால் முப்பது வயது தாண்டியிருப்பான். கறுத்த சுருட்டை முடி, அதே கண்கள் என்று பெற்றோர் நம்பினார்கள். விசாரிக்க அனுப்பிய துப்பறிவாளரிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. ஊர்ப் பெயரை வெளியே சொன்னால் மகனுக்கு ஆபத்து வருமோ என்று பயந்து அதைச் சொல்லாமலே வைத்திருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிக் கணப்புக்கு மேலே மாட்டினார்கள்.

ஜார்ஜ் 1969-இல் இறந்தார். ஜென்னி அந்த இரவுக்குப் பிறகு கறுப்பு உடையைத் தவிர வேறு உடுத்தவில்லை. 1989-இல் அவர் இறந்த பிறகுதான் பலகையை எடுத்தார்கள். அந்த இரவில் தப்பியவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த சில்வியா 2021-இல் காலமானார். தன் அண்ணன்களும் அக்காக்களும் தீயில் இறக்கவில்லை என்றே கடைசிவரை நம்பினார். ஜான் மட்டும், நடந்ததை ஏற்றுக்கொண்டு வாழ்க்கையைப் பார்ப்போம் என்று சொல்லிவந்தார்.

இனி உண்மை தெரிய வழி உண்டா என்றும் சிலர் கேட்பதுண்டு. கடத்தல் பக்கம் ஒரு வழி இருக்கிறது. அந்த ஐந்து பேரில் ஒருவர் பிழைத்து, பிள்ளை குட்டி பெற்றிருந்தால், அவர்களின் மரபணு சாடர் குடும்பத்து வாரிசுகளின் மரபணுவோடு பொருந்தும். அமெரிக்காவில் இன்று லட்சக்கணக்கானவர்கள் தங்கள் வம்சம் தேடி மரபணுச் சோதனை செய்துகொள்கிறார்கள், எனவே இது நடக்க முடியாதது இல்லை.

தீ வைப்பு பக்கம் எனக்கு ஒரே ஓர் ஆளைத்தான் கேட்க வேண்டும். தீயின்போது அந்த வீட்டு வளாகத்திலிருந்து, லாரி எஞ்சின் தூக்கப் பயன்படும் கப்பியும் சங்கிலியும் திருடிய ஒருவன் பிடிபட்டான். திருட்டை ஒத்துக்கொண்டான். போன் கம்பியை வெட்டியதும் நான்தான், மின்கம்பி என்று நினைத்து வெட்டினேன், தீக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றான். கப்பி திருட வந்தவனுக்கு வீட்டு மின்கம்பியை ஏன் வெட்ட வேண்டியிருந்தது? அதைக் கேட்டு எழுதி வாங்கியதாக எந்தப் பதிவும் இல்லை.